காமத்துப்பாலும் கர்த்தரின் கட்டளையும்

கெங்குவார்பட்டியில் வத்தலக்குண்டுப் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் என் கைக்கு வந்து சேர்ந்தது அந்தத் துண்டுப் பிரசுரம். கொடுத்தவர் பண்பான மனிதர். புன்னகையோடு நீட்டினார், நானும் புன்னகையோடு வாங்கிக்கொண்டேன். நான்கே பக்கம். படித்து முடித்ததும் கசக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. சில வாரங்களுக்கு முன் என்னைத் தேடி வந்திருந்த பழைய மாணவன் ஒருவனின் முகம் நினைவுக்கு வந்தது.

அவன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். தன் மனம் ஆண்களிடமே செல்கிறது என்பதை வீட்டில் சொல்லியிருக்கிறான். பெற்றோர் அடிக்கவில்லை, துரத்தவில்லை. அழுதார்கள். பிறகு ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பல நாள் உபவாசமும் ஜெபமும் நடந்தன. அவனுக்குள் இருப்பது அவனல்ல, வேறொன்று என்று சொல்லி அதை விரட்டினார்கள். விரட்டி முடிந்த பின்னும் அவன் அவனாகவே இருந்தான். என்னிடம் வந்து கேட்டான்: "ஐயா, நான் இயற்கைக்கு மாறானவன்னு சொல்றாங்களே, அது நெசமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க." அன்று ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன். அது பதிலாகாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிரசுரம் கைக்கு வந்த பிறகு பதில் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் என்று பட்டது.

பிரசுரத்தின் வாதங்கள் மூன்று. ஒன்று, கட்டளையிடும் கடவுள் இல்லையென்றால் சரி, தவறு என்ற சொற்களுக்கே பொருளில்லை. இரண்டு, உடலின் உறுப்புகளைக் கடவுள் ஒரு நோக்கத்தோடு படைத்தார். அந்த நோக்கத்தை மீறும் இன்பம் இயற்கைக்கு மாறானது, ஆகவே பாவம். மூன்று, இந்த அச்சம் போய்விட்டால் குடும்பமும் சமூகமும் சிதறும்.

மலையடிவாரத்தில் விநியோகிக்கப்பட்ட தாள்தானே என்று எள்ளி நகையாட வேண்டியதில்லை. இவை எழுநூறு, எண்ணூறு ஆண்டு வயதுடைய வாதங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிரிந்து மேலேறும் மலைச்சாலை போய்ச் சேரும் கொடைக்கானல், 1845 முதல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கோடைக்கு வந்து தங்கி வளர்த்த ஊர். அதன் செண்பகனூரில் சேசு சபையார் 1895-இல் திருஇருதயக் கல்லூரியை நிறுவித் துறவற மாணவர்களுக்குத் தத்துவம் பயிற்றுவித்தனர். பெரிய நூலகங்களில் பிறந்த வாதமே மலையிறங்கி இந்தத் தாளுக்கும் வந்திருக்கிறது. எனவே அதை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொண்டு பேசுவதே நியாயம்.

*

தமிழ் படித்தவன் இந்த வழக்கைத் தொடங்க வேண்டிய இடம் திருக்குறள். நம் கண்ணெதிரே நடந்த ஒரு தத்துவச் சோதனை அதில் இருக்கிறது.

வீரமாமுனிவர் 1730-இல் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் போயின, காமத்துப்பால் போகவில்லை. நூற்றாண்டு கழிந்து டபிள்யூ. எச். ட்ரூ என்ற பாதிரியார் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1840-இலும் 1852-இலும் வெளியான அவருடைய பகுதிகள் 63 அதிகாரங்களோடு நிற்கின்றன. மூன்றாம் பாலை எந்த ஐரோப்பிய மொழியில் பெயர்த்தாலும் பெயர்த்தவனுக்கே இழிபெயர் வந்து சேரும் என்பது அவர் கருத்து. எஞ்சியவற்றைக் காமத்துப்பால் உட்பட முடித்து 1885-இல் வெளியிட்டவர் ஜான் லாசரஸ். அவரும் கிறித்தவர்தான்.

அடுத்த ஆண்டு, 1886-இல், ஜி. யு. போப்பின் முழு மொழிபெயர்ப்பு வந்தது. தன்னுடைய முன்முடிவுகள் பல ஆண்டுகள் மூன்றாம் பாலைப் படிக்கவிடாமல் தடுத்தன என்று போப் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். தடை எப்படி விலகியது? மனத்தில் குற்றமில்லாமல் இருப்பதே அறம் என்று எழுதிய ஒருவர் அசிங்கத்தை எழுதியிருக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. படித்தார், பெயர்த்தார்.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். காமத்துப்பால் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய போப் எந்த வேதவசனத்தையும் எடுத்து வைக்கவில்லை. வேதத்தை அறியாத ஒரு தமிழ்ப்புலவரின் அறவுணர்வை அடையாளம் கண்டார், அதை அளவுகோலாக்கினார், அந்த அளவுகோலை வைத்துத் தம் சமயம் ஊட்டிய கூச்சத்தையே திருத்திக்கொண்டார். பிரசுரத்தின் முதல் வாதத்துக்கு மறுப்பு வேண்டுமா? 1886-ஆம் ஆண்டின் அந்த முன்னுரையில் இருக்கிறது. கிறித்தவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வீரமாமுனிவர் இல்லாமல் சதுரகராதி இல்லை, தேம்பாவணி இல்லை. அந்தக் கடனை மறுப்பவன் தமிழாசிரியனாக இருக்கத் தகுதியற்றவன். ஆனால் கடன் என்பது வாயை மூடிக்கொள்வதற்கான ஒப்பந்தம் அன்று.

*

முதல் வாதத்துக்கு வருவோம். கட்டளையிடும் கடவுள் இல்லையேல் ஒழுக்கம் இல்லை என்கிறார்கள்.

பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பும் கேள்வி இதற்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதை நம் வழக்குக்கு ஏற்றபடி கேட்கிறேன். பிறர்மனை நோக்குவது தவறாக இருப்பதால் கடவுள் அதைத் தடுத்தாரா? அல்லது கடவுள் தடுத்ததால் மட்டுமே அது தவறாயிற்றா? முதலாவது சரியென்றால், கட்டளைக்கு முன்பே தவறு தவறாக இருந்திருக்கிறது. கட்டளை அதை அறிவிக்கிறது, அவ்வளவே. இரண்டாவது சரியென்றால், நாளை கட்டளை மாறினால் தவறும் சரியாகிவிடும்.

படித்த கிறித்தவ நண்பர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். கட்டளை கடவுளின் விருப்பத்திலிருந்து தோன்றவில்லை, அவருடைய இயல்பிலிருந்து தோன்றுகிறது. அவர் இயல்பே நன்மை. எனவே கட்டளை தான்தோன்றித்தனமானது அன்று. அழகான விடைதான். ஆனால் கேள்வி ஒரு படி பின்னால் நகர்கிறது, மறைவதில்லை. அவருடைய இயல்பை நல்லது என்று எதைக்கொண்டு அறிந்தீர்கள்? அன்பும் இரக்கமும் நீதியும் அவரிடம் இருப்பதால் என்பீர்கள். அன்பு நல்லது, கொடுமை தீயது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்திராவிட்டால் கடவுளை நல்லவர் என்று புகழ்வது, கடவுள் கடவுளாக இருக்கிறார் என்று சொல்வதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

இது வெறும் தர்க்க விளையாட்டு என்று நினைப்பவர்கள் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். நிச்சயிக்கப்படாத கன்னிப் பெண்ணை ஒருவன் பிடித்து அவளோடு கூடினால், பெண்ணின் தகப்பனுக்கு ஐம்பது வெள்ளிக்காசு கொடுத்து அவளை மனைவியாக்கிக்கொள்ள வேண்டும். உயிருள்ளவரை தள்ளிவிடக் கூடாது. அங்கே "பிடித்து" என்பதன் பொருள் பற்றி விரிவுரையாளர்கள் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். காசு தகப்பனுக்குப் போகிறது; பெண்ணின் விருப்பத்தைக் கேட்கும்படி அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. இன்று இந்தச் சட்டத்தை நம் ஊரில் எந்தப் போதகரும் அமல்படுத்தச் சொல்வதில்லை. அது அந்தக் காலத்துக்கு உரியது என்பார்கள். மத்தேயு 19-இல் இயேசுவே, மோசேயின் தள்ளுதற்சீட்டை மக்களின் இருதயக் கடினத்துக்காக விட்டுக்கொடுத்தது என்று சொல்லியிருக்கிறார். நல்லது. கட்டளைகளில் காலத்துக்கு உரியது எது, என்றைக்கும் உரியது எது என்று பிரிக்கும் சல்லடை ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்தச் சல்லடை கட்டளைப் பட்டியலில் இல்லை. அது உங்கள் மனசாட்சியில் இருக்கிறது. என்னிடமும் அதேதான் இருக்கிறது. கடவுளை நம்பாததால் அது என்னிடமிருந்து பிடுங்கப்பட்டுவிடவில்லை.

இதே சல்லடையை இரண்டு சபைகள் ஆட்டியபோது என்ன நடந்தது என்பதற்கு 1930-ஆம் ஆண்டு சாட்சி. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடிச் சில நிபந்தனைகளோடு கருத்தடைக்கு இடம் கொடுத்தனர். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று பாப்பரசர் பதினொன்றாம் பயஸ், செயற்கைக் கருத்தடை கடவுளின் சட்டத்துக்கும் இயற்கையின் சட்டத்துக்கும் எதிரானது என்று சுற்றுமடல் எழுதினார். ஒரே கடவுள். ஒரே புதிய ஏற்பாடு. ஐந்து மாத இடைவெளியில் இரண்டு ஒழுக்கங்கள். கடவுளை அடித்தளமாக வைத்தால்தான் ஒழுக்கம் அசையாமல் நிற்கும் என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்லட்டும்.

*

இரண்டாம் வாதம்தான் என் மாணவனைக் காயப்படுத்தியது. இயற்கைக்கு மாறானது என்ற சொல் அது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எழுதிய சும்மா தியோலாஜிக்கா என்ற பெருநூலில் காமத்தின் வகைகளை ஆராயும் பகுதி ஒன்று உண்டு. அதில் காமப் பாவங்களை எடைபோடுகிறார். எல்லாவற்றிலும் கொடியது எது? பிறர்மனை புகுதலா, வன்புணர்வா? இரண்டும் இல்லை. இயற்கைக்கு மாறான பாவங்களே கொடியவை என்கிறார். அந்த வகையில் தன்பால் உறவு மட்டுமன்றிச் சுயஇன்பமும் அடங்கும். காரணமும் தருகிறார்: மற்றப் பாவங்கள் அயலானுக்குத் தீங்கு செய்கின்றன, இவையோ இயற்கையை ஒழுங்குசெய்த கடவுளுக்கே இழைக்கும் தீங்கு.

நான் கேலிக்காகத் திரித்துச் சொல்லவில்லை. அந்த வரிசைப்படி, மூடிய அறையில் தனியே இருக்கும் ஓர் இளைஞன், ஒரு பெண்ணைக் கதறக் கதறச் சிதைத்தவனைவிடப் பெரிய பாவி. இன்று ஒரு கத்தோலிக்கரும் இதை ஏற்கமாட்டார். அவர்களுடைய மறைக்கல்வி நூலே வன்புணர்வைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆனால் அக்வினாஸ் சறுக்கியது கவனக்குறைவால் அன்று. செயலின் வடிவத்தை மட்டும் பார்த்து, செய்யப்பட்டவர் யார், அவர் இசைந்தாரா, அழுதாரா என்று பார்க்காத எந்த அறக்கோட்பாடும் தர்க்கப்படி நடந்தால் அங்கேதான் போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்தது, நம் நாட்டுக்கே. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533-இல், அதுவரை திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்த இந்தப் பாவத்தை அரச சட்டத்தின் மரண தண்டனைக் குற்றமாக்கினார். மெக்காலே வரைவில் தொடங்கி 1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அதன் வழித்தோன்றல். இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உறவுக்கு ஆயுள் தண்டனை வரை இருந்தது. இசைவு இருந்தாலும் குற்றமாகவே இருந்தது. 1925-இல் சிந்துப் பகுதி வழக்கொன்றில், உடலுறவின் இயற்கையான நோக்கம் கருவுறுவதற்கான வாய்ப்பே என்று நீதிமன்றம் காரணம் கூறியது. அக்வினாஸின் இறையியல் அங்கே நீதிபதியின் அங்கியோடு பேசிற்று. அதே தண்டனைச் சட்டம், கணவன் தன் மனைவியை வலிந்து புணர்வதை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விலக்கியும் வைத்தது. இருவர் மனமொத்துச் செய்வது குற்றம். ஒருத்தி மறுக்க மறுக்கச் செய்வது, அவள் மனைவியானால் குற்றமில்லை. செயலின் வடிவம் இயற்கையோடு பொருந்திவிட்டதல்லவா!

டெல்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விடுவித்தபோது, அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் உத்கல் கிறிஸ்தவ கவுன்சிலும் இருந்தன. அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும், தன் பெயரிலேயே மனுவாதத்தைச் சுமக்கும் ஓர் அமைப்பும் அதே வரிசையில் நின்றன. வேறெதிலும் ஒன்றுசேராதவர்கள் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். 2013 டிசம்பர் 11-இல் அவர்கள் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த வெற்றியைத் துடைத்தெறிந்தது.

இனி வாதத்தின் உள்ளே போவோம். ஓர் உறுப்பு ஒன்றைச் செய்கிறது என்பதிலிருந்து அதை மட்டுமே செய்ய வேண்டும் என்பது எப்படிப் பிறக்கிறது? இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதற்கு எப்படித் தாவினீர்கள் என்று டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். நாக்கு உண்பதற்கு, அதைக்கொண்டு கீர்த்தனை பாடுகிறோம். காது கேட்பதற்கு, மூக்குக்கண்ணாடியின் கொம்பை அதில் மாட்டுகிறோம். யாரும் பாவம் என்பதில்லை. உறுப்பைப் பயன்படுத்தாமல் விடுவது வேறு, மாற்றிப் பயன்படுத்துவது வேறு என்று சிலர் சொல்வார்கள். குருமாரின் பிரமச்சரியத்தைக் காப்பாற்ற அது தேவையான வேறுபாடுதான். ஆனால் கருப்பை அகற்றப்பட்ட மனைவியோடும், மாதவிடாய் நின்றுபோன மனைவியோடும் கூடுகிற கணவனை எந்தச் சபையும் தடுப்பதில்லை. அங்கே கருவுறும் வாய்ப்பு எள்ளளவும் இல்லை. அன்பைப் பகிர்வதும் ஒரு நோக்கம் என்று அப்போது சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. அந்த நோக்கம் என் மாணவனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

வேதத்தில் எழுதியிருக்கிறதே என்று ரோமர் முதல் அதிகாரத்தைக் காட்டுவார்கள். தன்பால் உறவை இயற்கைக்கு விரோதமென்று பவுல் அங்கே சொல்வது உண்மை. அதே பவுல், அதே ஃபூசிஸ் என்ற கிரேக்கச் சொல்லைக்கொண்டு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், ஆண் முடி வளர்ப்பது அவனுக்குக் கனவீனம் என்று இயற்கையே போதிக்கவில்லையா என்று கேட்கிறார். தமிழ்நாட்டில் இது வேடிக்கையான வசனம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, மதம் மாறியவர்கள் குடுமி வைத்துக்கொள்ளலாம், அது சமூக வழக்கமே என்று தம் சபையினரோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார். ஆக, மதுரைச் சீமையில் ஆணின் நீண்ட முடி வழக்கத்தைச் சேர்ந்ததாக ஏற்கப்பட்டு நானூறு ஆண்டு ஆகிறது. பவுல் இயற்கை என்று சொன்னவற்றில் ஒன்றை வழக்கமென்று விட்டுவிட்டீர்கள். மற்றொன்றை மட்டும் பிரபஞ்ச விதியாக்கி ஒரு பையனின் தலைமேல் வைத்து அழுத்துகிறீர்கள். எந்த விதியின்படி?

*

மூன்றாம் வாதம்: அச்சம் போனால் குடும்பம் சிதறும்.

கிறித்தவக் குடும்பத்தைக் காக்க நம் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம். அதன்படி மனைவி பிறனோடு கூடினாள் என்று நிறுவினாலே கணவனுக்கு மணவிலக்கு கிடைத்துவிடும். கணவன் பிறத்தியாளோடு கூடினான் என்று மனைவி நிறுவினால் போதாது. கூடவே கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிறுவ வேண்டும். இங்கிலாந்து இந்த வேறுபாட்டை 1923-இல் நீக்கிக்கொண்டது. இந்தியக் கிறித்தவப் பெண்ணுக்கு அது 2001-இல்தான் நீங்கியது. நூற்றுமுப்பத்திரண்டு ஆண்டு. இயேசு சொன்னதில் இந்த ஓரவஞ்சனை இல்லை என்று நண்பர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் கடவுளுக்கு அஞ்சியவர்கள் எழுதி, கடவுளுக்கு அஞ்சியவர்கள் மீது ஆட்சி செய்த சட்டம் அது. அதை மாற்றியது புதிய வெளிப்பாடு எதுவும் இல்லை. கணவனால் ஏமாற்றப்பட்டும் விடுபட முடியாத பெண்கள் நீதிமன்றப் படியேறியதும், கேட்டவர்கள் கூசியதும்தான்.

ஒழுக்கம் உண்மையில் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய சான்று ஒன்று இருக்கிறது. தொல்காப்பியக் கற்பியலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். களவில் கூடிய காதலர்க்கிடையே பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தார்கள் என்று ஒரு நூற்பா சொல்கிறது. மணவிதி வானத்திலிருந்து இறங்கியதாக அது சொல்லவில்லை. கூடிவிட்டு இல்லையென்று மறுத்தவர்கள் இருந்தார்கள், கைவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அதனால் விதி வந்தது. அகநானூற்றின் 256-ஆம் பாட்டில் அப்படிப்பட்ட ஒருவனைக் காண்கிறோம். கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தவன் அவன். அவையத்தார் சாட்சிகளை விசாரித்து உண்மையறிந்து, அவனைப் பிணித்து, தலையில் நீற்றைப் பெய்கிறார்கள். ஊர் ஆரவாரிக்கிறது. அவர்கள் தண்டித்தது எதை? காதலைத் தண்டிக்கவில்லை, கூடலைத் தண்டிக்கவில்லை. பொய்யைத் தண்டித்தார்கள். உபாகமத்தின் ஐம்பது வெள்ளிக்காசையும் கள்ளூரின் நீற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. முன்னதில் தகப்பனின் இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. பின்னதில் பெண்ணுக்கு இழைத்த வஞ்சகம் அவையேறுகிறது.

காமத்துப்பாலின் 25 அதிகாரங்களிலும் கடவுள் சட்டம் வகுப்பவராக ஓரிடத்திலும் வருவதில்லை. திருமாலின் உலகம் ஒருமுறை வருகிறது; அதுவும் காதலியின் தோளில் துயிலும் இன்பத்தோடு ஒப்பிட்டுக் கேட்பதற்காக. ஆனால் அங்கே ஒழுக்கம் இல்லையா? பிரிந்தவன் திரும்புவானா என்று வழிபார்க்கும் கண்களும், சொன்ன சொல்லுக்காகக் காத்திருக்கும் மெலிவும், தோற்றவரே வெல்லும் ஊடலும் ஒழுக்கம் இல்லாமல் வேறென்ன? பிறனில் விழையாமையை அறத்துப்பாலில் அத்தனை கடுமையோடு எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. வள்ளுவருக்கு அவ்விரண்டும் முரண்படவில்லை. பிறரை வஞ்சிப்பது எதுவோ அது தீது. காமம் தன்னளவில் தீதன்று.

இதைப் படித்துவிட்டு, நம் மரபில் எல்லாம் இருந்தது என்று தோள்தட்ட யாரும் எழ வேண்டாம். பரத்தையிற் பிரிவைத் தலைவனுக்கு விட்டுவிட்டுக் கற்பைத் தலைவிக்குச் சுமத்தியதும் இதே மரபுதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், நடுப்பகலில், மனமொத்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே வேதாகமம் இல்லை. சாதி இருந்தது. இருவரின் இசைவைத் தூசாக மதித்து, உடல்களின் சேர்க்கையை மட்டும் பார்த்துத் தூய்மை, தீட்டு என்று தீர்ப்பெழுதும் மனம் இருந்தது. அந்த மனத்துக்கு எந்த மதமும் தனியுரிமை கொண்டாட முடியாது. என் வழக்கு அந்த மனத்தின் மீது. இந்தக் கட்டுரையில் அது கர்த்தரின் பெயரால் பேசியதால் கர்த்தரின் பெயரில் வழக்குப் பதிந்திருக்கிறேன்.

*

மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இவ்விஷயத்தில் முன்முடிவுகள் இருப்பதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின் தீர்ப்பெழுதினார். 2021 ஜூன் 7-இல் வந்த அந்த ஆணை, தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த நீதிபதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு போப்பின் முன்னுரை நினைவுக்கு வந்தது. இருவரும் தாம் படிக்காமல் ஒதுக்கியது தம் கூச்சத்தால்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள், அதன்பின் படித்தவர்கள்.

மருத்துவரைத் தடுக்க ஆணையம் இருக்கிறது. ஜெபவீட்டைத் தடுக்க ஆணையம் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டு மண்டியிடச் செய்வதற்கு முன் யோவான் 8-ஆம் அதிகாரத்தை அவர்கள் இன்னொருமுறை படிக்கலாம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இழுத்து வந்தவர்களின் கையில் கட்டளை இருந்தது, மோசேயின் கட்டளைதான். அந்தக் கதையில் கல்லைக் கீழே போட வைத்தது கட்டளை அன்று.

தம்பி, நீ கேட்ட கேள்விக்குத் தாமதமான பதில் இது. நீ யாரிடமும் பொய் சொல்லவில்லை. சொன்னதே உண்மையைத்தான், அதற்காகத்தான் உன்னைப் பட்டினி போட்டார்கள். நீ யாரையும் ஏமாற்றவோ வற்புறுத்தவோ இல்லை. கள்ளூர் அவையத்தார் முன் உன்னை நிறுத்தினால் உன்மீது பெய்ய அவர்களிடம் நீறு இராது. இயற்கை என்ற சொல்லைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குடுமிக்கு வழிவிட்ட சொல். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. காமத்துப்பாலை முதலிலிருந்து படிப்போம். வகுப்பில் நேரமில்லை என்று சொல்லி நானும் பல ஆண்டுகள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.